நீலம் போன வாள்

9 நவம்பர் 1986, ஞாயிறு

போன வருடப் பூகோள நோட்டில் கடைசி இருபது பக்கங்கள் மீதம் இருந்தன. அதில் எழுதுகிறேன். அப்பாவும் அம்மாவும் தூங்கிவிட்டார்கள். அடுப்பில் கங்கு இருக்கிறது, பக்கத்தில் ஒரு துண்டு மெழுகுவர்த்தி. எழுதினால் தூக்கம் வருமோ என்று பார்க்கிறேன்.

நாங்கள் கிளப்பின் பின்பக்கக் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். கிளப் கட்டி நூற்று இருபத்தைந்து வருடம் ஆகிறதாம். இருபத்திரண்டாம் தேதி விழா. பெரிய ஹாலின் சுவரில் பதினொரு வாட்கள் இருக்கின்றன, எல்லாம் வெள்ளைக்கார ராணுவ அதிகாரிகள் விட்டுப்போனவை. ஹாலும் வாட்களும் அப்பாவின் பொறுப்பு, பத்தொன்பது வருடமாக. மிக்கேல் என்று அப்பா பெயரைச் சொன்னால் கிளப்பில் எல்லோருக்கும் வாள்தான் நினைவுக்கு வரும்.

எல்லா வாளும் பளபளக்க வேண்டும் என்று செயலாளர் கர்னல் நஞ்சப்பா சார் உத்தரவு போட்டார். அப்பாவுக்கு வலது கட்டை விரலில் நகச்சுத்து. அதனால் நேற்று நான் கூடமாட உதவி செய்தேன். பித்தளைப் பிடி வைத்த ஐந்து வாட்களைப் புளி போட்டுத் துலக்கச் சொன்னார். துலக்கினேன். நன்றாக வந்தது.

ஏழாம் நம்பர் வாளைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. அது அழுக்காக இருந்தது, இப்போது சுத்தமாக இருக்கிறது.

இன்று காலை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் அப்பா பின்பக்கத் துணி துவைக்கும் கல்லருகே போய் உட்கார்ந்தார். அங்கே கிடந்த தேங்காய் நாரை எடுத்து, வெயிலில் காட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை அடுப்பில் போட்டுவிட்டார். நாற்றம் அடித்திருக்கும்.

10 நவம்பர், திங்கள்

பள்ளி விட்டு வந்ததும் அப்பாவின் விரலுக்கு வெந்நீர் எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனேன். பத்து வாட்கள் வழக்கம்போல உருவிய நிலையில் சுவரில் இருந்தன. ஏழாம் நம்பர் மட்டும் உறைக்குள் இருந்தது. அந்த இரும்பு உறையை நான் இதுவரை பண்டகச் சாலை அலமாரியில்தான் பார்த்திருக்கிறேன்.

ஏன்ப்பா அது மட்டும் உறைக்குள் இருக்கிறது என்று கேட்டேன். பனிக்காலத்தில் துரு ஏறும் என்றார். மற்ற பத்துக்கும் பனிதானே என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அப்பா விரலை வெந்நீரில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

11 நவம்பர், செவ்வாய்

இன்று கணக்குப் பரீட்சை. எழுதினேன் என்று நினைக்கிறேன்.

12 நவம்பர், புதன்

சென்னையிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்திருக்கிறார். பெயர் சௌந்தரவல்லி. ஸ்டேஷனிலிருந்து ஜீப்பில் அழைத்து வந்தது டிரைவர் ஹாலன் அண்ணன். அம்மா தன் முட்டிவலிக்கு மருந்து கேட்கலாமா என்று விசாரித்தபோது அண்ணன் சிரித்துவிட்டார்.

“அந்த டாக்டர் ஊசி போடறவங்க இல்லீங்க அக்கா. பழைய கத்திக்கு நாடி பாக்கறவங்க.”

விழாவுக்கு வாட்களைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதி வைக்கப் போகிறாராம். நான் வெந்நீரோடு ஹாலை ஒட்டிய பேன்ட்ரி கதவுக்குப் பின்னால் நின்றுவிட்டேன்.

டாக்டரம்மா வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு வாளாக எடுத்து கர்னல் சாருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். மெதுவான குரல். இந்த வாள் வளைந்திருப்பது குதிரைமேல் இருந்து வெட்டுவதற்காக. நுனிப் பக்கம் அகலமாவது, வீச்சு விழும் இடத்தில் கனம் சேர்வதற்காக. இது நேராக இருப்பது குத்துவதற்காக. அலகில், அதாவது வெட்டும் தகட்டில், நீளமாக ஓடும் பள்ளம் ரத்தம் வடியத்தான் என்று எல்லோரும் சொல்வார்கள், அது தவறு, கனத்தைக் குறைத்து உறுதியைக் காப்பாற்றத்தான். பிடியைச் சுற்றியிருக்கும் கொடி வேலைப்பாடுகூட விரல் முட்டிகளைக் காப்பாற்றுவதற்கு. ஒரு வாளில் காரணம் இல்லாத வளைவே கிடையாது என்றார்.

பிறகு பழைய பதிவேட்டைத் திறந்தார். 1911-இல் ஒரு வெள்ளைக்காரர் எழுதியதாம். ஏழாம் நம்பருக்காகத்தான் தாமே கிளம்பி வந்ததாகச் சொன்னார். பதிவேட்டில் இருப்பதைத் தமிழில் படித்துச் சொன்னார்: குதிரைப்படை அதிகாரியின் வாள். அலகில் மூன்றில் இரண்டு பங்கு கருநீலம். நீலத்தின்மேல் பொன்னில் கிரீடமும் கொடிகளும்.

கர்னல் சார் அந்த நீலம் எதற்கு என்று கேட்டார்.

“அதுக்கு மட்டும் காரணம் இல்ல கர்னல். இரும்பைப் பக்குவமா சூடு பண்ணி அந்த நிறத்தைக் கொண்டுவருவாங்க. சண்டைக்கு ஒரு பிரயோசனமும் கிடையாது. வெறும் அழகு. அதனாலதான் இருநூறு வருஷம் தாங்கி நிக்கிறது அபூர்வம்.”

ஏழாம் நம்பரை எடுக்கச் சொன்னார் கர்னல் சார். அதைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம், இன்னும் எண்ணெய் காயவில்லை என்றார் அப்பா. அப்பா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை.

வெந்நீர் ஆறிப்போனது. அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

13 நவம்பர், வியாழன்

எழுதிவிடுகிறேன்.

சனிக்கிழமை மதியம் அப்பா விரலைக் கீறிவிட ஆஸ்பத்திரிக்குப் போனார். ஐந்து பித்தளைப் பிடிகளையும் முடித்துவிட்டேன். மேஜைமேல் ஏழாம் நம்பர் கிடந்தது. அதன் பிடி இரும்பு. எனக்குக் கொடுத்த வேலையில் அது இல்லை. “அலகுமேல கை வைக்காதே பிலோ, எண்ணெய்த் துணிய நான் வந்து போட்டுக்கறேன்” என்று அப்பா சொல்லிவிட்டுத்தான் போனார்.

பிடியிலிருந்து பாதிக்குமேல் கறுத்திருந்தது. எண்ணெய்ச் சட்டியின் அடியில் பிடிக்குமே, அப்படி. சாய்த்துப் பார்த்தால் மயில் கழுத்து மாதிரி ஒரு நிறம் வந்து போகும். அதன்மேல் மஞ்சளாகக் கிரீடம், பூக்கொடி. விரல் வலியில் அப்பா இத்தனை நாள் இதைச் சரியாகத் துடைக்காமல் விட்டிருக்கிறார், நான் செய்துவைத்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கறுப்பு போனால் பொன் இன்னும் எடுப்பாகத் தெரியும் என்றும் நினைத்தேன்.

பின்பக்கத் துணி துவைக்கும் கல்லுக்கு எடுத்துப் போய், சட்டி அடியைத் துலக்குகிற மாதிரியே துலக்கினேன். புளியும் சாம்பலும் தேங்காய் நாரும். ஒரு மணி நேரத்துக்குமேல் ஆனது. கறுப்பு போனது. கறுப்போடு பொன்னும் போனது. நாரில் மினுக்மினுக்கென்று ஒட்டியிருந்தது.

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அழுக்கு என்று ஞாயிற்றுக்கிழமை எழுதினேன். அதை அடிக்கவில்லை, இருக்கட்டும்.

துடைத்து, எண்ணெய் தடவி, மேஜையில் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடிவந்து படுத்துக்கொண்டேன். தலைவலி என்று அம்மாவிடம் சொன்னேன்.

14 நவம்பர், வெள்ளி

குழந்தைகள் தினம் என்று மதியமே பள்ளி விட்டார்கள். கையில் மிட்டாய்ப் பொட்டலத்தோடு பேன்ட்ரி கதவுக்குப் பின்னால் நின்றேன்.

உறை இறுகிக்கொண்டது என்றார் அப்பா. கர்னல் சார் வாங்கி ஒரே இழுப்பில் உருவினார். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டு உத்திரத்தில் ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. டாக்டரம்மா பதிவேட்டைப் பார்த்தார், வாளைப் பார்த்தார், மறுபடி பதிவேட்டைப் பார்த்தார்.

இது வேறு வாள் என்றார் கர்னல் சார்.

அதே வாள்தான், தெரியாமல் தானே புளி போட்டுத் துலக்கிவிட்டதாக அப்பா சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு, ஒப்பிப்பது மாதிரி சொன்னார்.

கர்னல் சார் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை.

“மிக்கேல், போன தடவை ஒரு மெம்பர் அந்த வாளை விரலால தொட்டதுக்கு நீ என்கிட்ட வந்து கம்ப்ளைன்ட் பண்ணின. நீ புளி போட்டுத் தேய்ச்சேன்னு சொன்னா யார் நம்புவா? நிஜ வாள் எங்க போச்சு?”

டாக்டரம்மா வாளை இன்னும் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். அது இனி சாட்சிப் பொருள் என்று சொல்லி, கர்னல் சார் ஆபீஸ் அலமாரியில் வைத்துப் பூட்டினார். யாரிடம் விற்றாய் என்று திங்கள் மதியத்துக்குள் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் போலீஸ் என்று அப்பாவிடம் சொன்னார்.

அப்பா ஹாலை விட்டு வரும்போது கதவைத் திறந்தார். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். மிட்டாய்ப் பொட்டலத்தைப் பார்த்தார்.

“பள்ளிக்கூடத்துல குடுத்தாங்களா? சாப்பிடு” என்றார்.

15 நவம்பர், சனி

குழாயடியில் ஹாலன் அண்ணன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கிளப் முழுக்க இரண்டு கட்சியாம். மிக்கேல் அண்ணன் ஒரு ஸ்பூன்கூட எடுக்காத மனுஷன் என்று ஒரு கட்சி. அப்படிப்பட்டவர்கள்தான் ஒரே தடவையில் பெரிதாக எடுப்பார்கள் என்று இன்னொன்று. அண்ணன் எந்தக் கட்சி என்று அம்மா கேட்டதற்கு, “நான் ஜீப் கட்சிங்க அக்கா” என்றிருக்கிறார். அம்மா குடத்தை நிரப்பாமலே வந்துவிட்டாள்.

ஸ்பெஷல் கிளாஸில் கிளப் பார் கிளார்க்கின் மகள் ஸ்டெல்லா எல்லோர் முன்னாலும் கேட்டாள், “உங்க வீட்டுல ஞாயித்துக்கிழமை கறி அந்தக் கத்தியிலதான் வெட்டுவீங்களா?” எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. சிரிப்பது எனக்கு எங்கேயோ தூரத்தில் கேட்டது.

நான் யோசித்துப் பார்த்தேன். அப்பா அந்த வாளை அவ்வளவு பத்திரமாக வைத்திருக்காவிட்டால், அவர் துலக்கியதாகச் சொன்னதை நம்பியிருப்பார்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டதுதான் இப்போது அவருக்கு எதிரான சாட்சி. அந்த வாளின் அருமை தெரியாத ஒருத்தியால்தான் அப்படித் தேய்க்க முடியும். அப்பாவுக்கும் அது தெரியும். அடுப்பில் போட்ட நாரை நினைத்துப் பார்த்தேன்.

16 நவம்பர், ஞாயிறு

சர்ச்சில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு பேர் ஆனதும் வெளியே வந்துவிட்டேன்.

மதியம் அப்பா வீட்டில் எல்லா வேலையையும் செய்தார். கூரை ஒழுகிய இடத்தில் ஓடு மாற்றினார். அம்மாவின் குடைக் கம்பியைக் கட்டினார். ரேஷன் கார்டும் என் ஜாதிச் சான்றிதழும் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்று அம்மாவுக்குக் காட்டினார். அது எனக்குத் தெரியாதா என்று அம்மா எரிந்து விழுந்தாள். பிறகு முகத்தை மூடிக்கொண்டாள்.

என்னைக் கூப்பிட்டு விரல் கட்டை மாற்றிவிடச் சொன்னார். புண் ஆறிவிட்டது, கட்டே வேண்டாம். ஆனாலும் கட்டினேன். இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

“பிலோ, பத்தாம் வகுப்பு முடியறவரைக்கும் வேற எதுலயும் புத்தியை விடக்கூடாது. எது நடந்தாலும் சரி. கேக்குதா?”

கேக்குது என்றேன்.

நாளை மதியம் வரைக்கும்தான். எனக்குப் போலீஸ் பயம். கர்னல் சார் பயம். அப்பா என்னைப் பார்க்கப்போகும் பார்வை எல்லாவற்றையும்விடப் பயம். ஆனால் அப்பாவுக்கு ஏற்கெனவே தெரியும் என்றால், அந்தப் பார்வையை எட்டு நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

17 நவம்பர், திங்கள்

நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

யூனிஃபார்ம் போட்டு, பையை மாட்டிக்கொண்டு, பள்ளிக்குப் போவது போலக் கிளம்பி விருந்தினர் அறைக்குப் போனேன். டாக்டரம்மா வராந்தாவில் காபி குடித்துக்கொண்டிருந்தார். நான் மிக்கேலின் மகள் என்றும், வாளைத் துலக்கியது நான்தான் என்றும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் காபியைக் கீழே வைத்தார். அப்பா அனுப்பினாரா என்று கேட்டார். அப்பாவுக்குத் தெரியாது என்றேன். எழுந்து, கர்னல் சாரின் ஆபீசுக்கு அழைத்துப் போனார்.

கர்னல் சார் கேட்டு முடித்ததும், மிக்கேல் நன்றாகச் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறான் என்றார். அப்பாவை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். அப்பா வாசலில் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“சின்னப் பிள்ளைங்க சார். பயத்துல உளறுது. பெருசா எடுத்துக்காதீங்க. நீ பள்ளிக்கூடத்துக்குப் போ பிலோ.”

நான் போகவில்லை. அப்பா சொல்லி நான் கேட்காதது இது இரண்டாவது தடவை.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். எப்படித் துலக்கினாய், முதலிலிருந்து வரிசையாகச் சொல் என்றார். பரீட்சை கேட்கிற மாதிரி இல்லை, சமையல் குறிப்பு கேட்கிற மாதிரி கேட்டார். புளி எவ்வளவு? எலுமிச்சம்பழம் அளவு. வெந்நீரா, பச்சைத் தண்ணீரா? வெந்நீர். எந்தப் பக்கம் முதலில் போனது? கிரீடம் இருந்த பக்கம். தேய்க்கும்போது தண்ணீர் என்ன நிறத்தில் ஓடியது? கறுப்பாக, பிறகு காப்பிப்பொடி நிறத்தில்.

“எந்த எடத்துல போகலை?”

அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் நினைத்துப் பார்க்கவில்லை. பிடியிலிருந்து அலகின் இரண்டு பக்கமும் சின்ன நாக்கு மாதிரி இரும்பு இறங்கியிருக்கும். அதற்கும் அலகுக்கும் நடுவே ஒரு நகம் நுழைகிற இடைவெளிதான்.

“அந்த ரெண்டு நாக்குக்கு அடியில நார் போகலீங்க. வெளக்கமாத்துல இருந்து ஈர்க்குச்சி உருவி விட்டுப் பாத்தேன். ஒடைஞ்சு உள்ளேயே நின்னுருச்சு.”

டாக்டரம்மா அலமாரியைத் திறக்கச் சொன்னார். கர்னல் சார் சாவியைத் தேடினார். அது அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

வாளை மேஜையில் வெள்ளைத் துணி விரித்து வைத்தார். டார்ச் அடித்து, பூதக்கண்ணாடியை நெருக்கமாகப் பிடித்து, நாக்கின் அடியில் பார்த்தார். பையிலிருந்து மெல்லிய இடுக்கியை எடுத்து உள்ளே விட்டார். நான் அப்பாவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

இடுக்கியில் வந்தது அரை அங்குல ஈர்க்குச்சி. புளி காய்ந்து கறுத்திருந்தது.

டாக்டரம்மா டார்ச்சைக் கர்னல் சாரிடம் கொடுத்தார். அவர் கண்ணாடி மாட்டிக்கொண்டு குனிந்தார். வெகு நேரம் நிமிரவில்லை. பிறகு எனக்கும் காட்டினார்கள். நாக்கின் நிழலில், குன்றிமணி அகலத்துக்கு, அந்த நீலம் இருந்தது. ஓரத்தில் ஒரு புள்ளி பொன். ராத்திரி ஆவதற்குமுன் வானம் கொஞ்ச நேரம் அப்படி இருக்கும். அது அவ்வளவு அழகாக இருந்ததை நான் அன்றைக்குப் பார்க்கவே இல்லை.

கர்னல் சார் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“ஏன்யா என்கிட்ட சொல்லலை?”

“நான்தான் துலக்கினேன்னு சொன்னேன், அதையே நீங்க நம்பலை. புள்ள மேல பழி போடறேன்னு மட்டும் நம்பியிருப்பீங்களா சார்?”

அப்பா கர்னல் சாரின் முகத்தைப் பார்த்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கர்னல் சார் மேஜைமேல் இருந்த பேனாவை நகர்த்தி வைத்தார்.

நீலத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாதா என்று நான் டாக்டரம்மாவிடம் கேட்டேன். இரும்பைச் சூடு பண்ணினால் நீலம் வரும், ஆனால் அது நாம் போட்ட நீலமாகத்தான் இருக்கும் என்றார். பிறகு பதிவேட்டைத் திறந்து, ஏழாம் நம்பருக்கு நேராக எழுத ஆரம்பித்தார். தேதி, என்ன நடந்தது, எதனால். யார் என்ற இடத்தில் பேனா நின்றது.

“என் பேரைப் போட்டுக்குங்கம்மா” என்றார் அப்பா.

“எம். பிலோமினா” என்றேன்.

டாக்டரம்மா இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, என் பெயரைப் போட்டார். அழகான கையெழுத்து.

போலீஸ் இல்லை. வீட்டையும் காலி பண்ண வேண்டாம். ஆனால் கமிட்டிக்கு ஏதாவது பதில் சொல்ல வேண்டும் என்றார் கர்னல் சார். வாட்களை ஒரு பிள்ளையிடம் விட்டுப் போனது அப்பாவின் தவறு. இனி ஹால் வேண்டாம், கேட்டைப் பார்த்துக்கொள்ளட்டும். அப்பா இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்து மேஜையில் வைத்தார். புதிதாக வருபவரிடம் மற்ற பத்துக்கும் எண்ணெய்த் துணி மட்டும் போதும் என்று சொல்லிவிடுங்கள் என்றார்.

வீட்டுக்கு வருகிற வழியில் அப்பா முன்னால் நடந்தார். நான் பத்தடி பின்னால் வந்தேன்.

18 நவம்பர், செவ்வாய்

அம்மா ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு முட்டை பொரித்துத் தட்டில் வைத்தாள்.

22 நவம்பர், சனி

விழா. பாண்டு வாத்தியம் குவார்ட்டர்ஸ் வரைக்கும் கேட்டது. ஏழாம் நம்பரை உறையில்லாமல் வைத்திருக்கிறார்களாம். பக்கத்தில் ஒரு பூதக்கண்ணாடியைக் கட்டித் தொங்கவிட்டு, எங்கே பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சீட்டு எழுதியிருக்கிறாராம். மற்ற வாட்களை விட்டுவிட்டு எல்லோரும் அங்கேதான் வரிசையில் நிற்கிறார்கள் என்று ஹாலன் அண்ணன் சொன்னார். அம்மா சிரிக்கவில்லை. நான் போகவில்லை.

அப்பா கேட்டில் கார்களுக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தார்.

24 நவம்பர், திங்கள்

ஒரு வாரமாகப் பின்பக்கச் சந்து வழியாகத்தான் பள்ளிக்குப் போகிறேன். சுற்றுவழி, சேறு. கேட் வழியாகப் போனால் அப்பாவைத் தாண்டிப் போக வேண்டும்.

இன்று மழையில் சந்து மூழ்கிவிட்டது. வேறு வழியில்லாமல் கேட்டுக்குப் போனேன். அப்பா புதுக் காக்கிக் கோட்டில் இருந்தார். கோட் பெரியது, கை விரல் நுனி மட்டும்தான் வெளியே தெரிந்தது. தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது. நான் குனிந்துகொண்டே வந்தேன். கேட் திறக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன்.

அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்றார்.

“மெம்பரா, கெஸ்ட்டா?”

எனக்குப் புரியவில்லை.

“சொன்னாத்தான் திறக்கலாம். ரூல்ஸ் கடுமை. செயலாளர் உத்தரவு.”

கெஸ்ட் என்றேன். மழையில் அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

“யாரோட கெஸ்ட்டு?”

“மிக்கேலோட.”

அப்பா நோட்டை எடுத்து நிஜமாகவே எழுதினார். மழைத்துளி விழுந்து மை கலைந்தது. பிறகு கேட்டை, கார் போகிற அளவுக்கு முழுதாகத் திறந்துவிட்டார். நான் நடுவில் நடந்து போனேன்.